பருவுக்கு என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் அந்த ட்யூப்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரோடு வந்த இணைப்பில் முகப்பருவுக்கு வீட்டுக் குறிப்பு என்று கால் பக்கம் வந்திருந்தது. எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி, காயும்வரை விட்டுக் கழுவினால் ஒரே வாரத்தில் பரு மறைந்துவிடும் என்று போட்டிருந்தீர்கள். என் கடையில் காஜா எடுக்கிற பெண் அதைக் கத்தரித்து நூல் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் கொழிஞ்சாம்பாறையில் லேடீஸ் தையல் கடை வைத்திருக்கிறேன். டாக்டரோ நர்ஸோ இல்லை. ஆனால் பருவால் என் மகள் பட்ட பாட்டையும், பருவுக்கு என்று வாங்கிப் பூசிய மருந்தால் அதைவிட அதிகம் பட்ட பாட்டையும் கூடவே இருந்து பார்த்தவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், ட்யூபைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

எங்கள் பக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளா. வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டில் இருப்பது மலையாளம். நாம் பரு என்பதைப் பக்கத்து வீட்டு சேச்சி முகக்குரு என்பார். பேர் மாறினாலும் சொல்லும் யோசனையெல்லாம் ஒன்றுதான். உடம்புச் சூடு, வடை பஜ்ஜி தின்கிறாய், முகத்தை ஒழுங்காகக் கழுவுவதில்லை, ராத்திரி கண் முழித்து போன் பார்க்கிறாய். இதெல்லாம் போக, யாரோ உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுதான் பரு வருகிறது என்று ஒரு கேலி. பெரியவர்கள் விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் பதினாலு வயசுப் பிள்ளைக்கு நாலு பேர் முன்னால் அது எப்படி இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை.

என் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் நெற்றியில் பொரிப் பொரியாக ஆரம்பித்து, பத்து முடிவதற்குள் கன்னம், தாடை எல்லாம் பரவிவிட்டது. நானும் எல்லோரையும் போலத்தான் இருந்தேன். சோப்புப் போட்டு நன்றாகத் தேய் என்றேன். கடலை மாவு, பயத்தமாவு எல்லாம் போட்டுத் தேய்த்தோம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை முகம் கழுவினாள். தேய்க்கத் தேய்க்கச் சிவந்து இன்னும் அதிகமாக வந்ததே தவிரக் குறையவில்லை. கொரோனா முடிந்து எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிப் போட்ட பிறகும் இவள் மட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள், தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

அப்புறம் ஒருநாள் எல்லைக்கு அந்தப் பக்கம் துணி எடுக்கப் போன இடத்தில் ஒரு மெடிக்கலில் நின்று, பருவுக்கு ஏதாவது கொடுங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன். சீட்டு இருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. ராத்திரி பூசச் சொன்னார்கள். பத்தே நாளில் முகம் துடைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. பரு அடங்கியது மட்டுமில்லை, நிறமும் ஒரு படி வெளுத்தது. என்ன போடுகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்களுக்கு அந்த ட்யூப் பேரை நானே துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் மனசு உறுத்துகிறது. ஒருத்தியைத் தேடிப்போய் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், இன்னொருத்தி கல்யாணமாகித் திருச்சூர் பக்கம் போய்விட்டாள்.

நாலு மாசம் கழித்து ஆரம்பித்தது. இரண்டு நாள் பூசாமல் விட்டால் முகம் மிளகாய் அரைத்துத் தடவியது போல எரியும். பூசினால் அடங்கும். வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியவில்லை. அப்புறம் ஒரே அளவில், ஒரே மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள் கன்னம் முழுக்க வந்தன, பழைய பரு அப்படி இருந்ததில்லை. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது கன்னத்துத் தோலுக்கு அடியில் சிவப்பு நூலை இழை பிரித்துப் போட்ட மாதிரி நரம்பு தெரிந்தது. காதோரம் பூனைமுடி தடித்து வளர்ந்தது. பரு திரும்பி வருகிறதே என்று பயந்து அவள் காலையிலும் சேர்த்துப் பூச ஆரம்பித்திருக்கிறாள். மொத்தம் எட்டு மாசம், ஏழு ட்யூப்.

பாலக்காட்டில் தோல் டாக்டரிடம் போனபோது அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, என்ன பூசினாய் என்பதுதான். இவள் பென்சில் பாக்ஸிலிருந்து ட்யூபை எடுத்துக் கொடுத்தாள். கசக்கிப் பிழிந்து அடியிலிருந்து சுருட்டி வைத்திருந்தாள். டாக்டர் அந்தச் சுருட்டலைப் பிரித்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த மூன்று பேருக்கு அடியில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன். மூன்றாவது இருக்கிறதே, அது ஸ்டீராய்டு என்றார். இந்த மூன்றும் சேர்ந்த மருந்து மங்குக்காக, அதாவது கன்னத்தில் படர்கிற கருப்புத் திட்டுக்காக, டாக்டர் பார்வையில் சில வாரம் மட்டும் போடக் கொடுப்பது. பருவுக்கான மருந்தே கிடையாது.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது என்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். அது சிவப்பையும் வீக்கத்தையும் சட்டென்று அமுக்கிவிடும், அதனால் முதல் வாரம் அற்புதமாகத் தெரியும். பருவின் காரணத்தை அது தொடுவதே இல்லை. நாளாக நாளாகத் தோல் மெலிந்துபோகும், அதனால்தான் உள்ளே இருக்கிற சின்ன ரத்தக்குழாய்கள் நரம்பு மாதிரி தெரிவது. அதுவே புதுசாகப் பருவையும் கிளப்பிவிடும். நிறுத்தினால் அமுங்கியிருந்ததெல்லாம் ஒன்றுக்கு இரண்டாகக் கிளம்பும், அந்தப் பயத்தில் ஆள் மறுபடியும் அதையே வாங்கிப் பூசுவார். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர முடியாமல் நம் நாட்டில் ஏராளமான பேர் இருக்கிறார்களாம். தோல் டாக்டர்களின் சங்கம் இதற்கென்றே தனிக் குழு போட்டுக் குரல் கொடுத்து, 2018-ல் மத்திய சுகாதாரத் துறை 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று விதியைத் திருத்தியது. விதி அங்கே இருக்கிறது, ட்யூப் இங்கே எங்கள் வீட்டுப் பென்சில் பாக்ஸில் இருந்தது.

வெளுப்பாக்கும் ஆசை இந்த விஷயத்தில் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு எங்கள் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் பக்கம் முகம் வெளுக்கும் என்று க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தது 2023-ல் பெரிய செய்தியானது. அந்த க்ரீம்களில் பாதரசம் இருந்தது. ஆபரேஷன் சௌந்தர்யா என்று பேர் வைத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடை கடையாகச் சோதனை போட்டது. லேபிளே இல்லாத டப்பாவையும் எவ்வளவு நம்பி வாங்குகிறோம் பாருங்கள்.

சரி, பரு ஏன் வருகிறது என்பதற்கு வருகிறேன். டாக்டர் ஓபி சீட்டின் பின்பக்கம் ஒரு படம் போட்டுக் காட்டினார், அதை இன்னும் வைத்திருக்கிறேன். தோலில் ஒரு குழி, குழிக்குள் ஒரு முடி, பக்கத்தில் திராட்சைக் கொத்து போல எண்ணெய்ச் சுரப்பி. வயசுக்கு வரும்போது ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. ஆணுக்கு மட்டும் இல்லை, பெண்ணுக்கும் அது உண்டு. அது அந்தச் சுரப்பியை முடுக்கிவிட, எண்ணெய் அதிகம் சுரக்கிறது. அதே நேரத்தில் குழியின் வாயில் உதிர வேண்டிய தோல் செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைக்கின்றன. அடைத்த குழியில் எண்ணெய் தேங்கினால், எல்லோர் தோலிலும் சாதாரணமாக இருக்கிற கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற கிருமி அங்கே பெருகுகிறது. உடம்பு அதை எதிர்த்து நிற்க, சிவப்பு, வலி, சீழ் எல்லாம் வருகிறது. யாருக்கு அதிகம் வரும் என்பது பெரும்பாலும் பரம்பரையைப் பொறுத்தது. என் கணவருக்கு இளவயதில் முகம் முழுக்க இருந்ததாம், அந்தக் குழிகள் இன்னும் இருக்கின்றன.

இந்தப் படத்தில் அழுக்கு எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. மூக்கு மேல் கருப்பாகத் தெரிகிற புள்ளிகூட அழுக்கு இல்லையாம். வாய் திறந்த அடைப்பில் காற்றுப் படுவதாலும் தோலின் நிறப்பொருள் அதில் இருப்பதாலும்தான் கருப்பு. கழுவுகிறாயா இல்லையா என்று வருஷக்கணக்கில் நான் அவளைக் கேட்டிருக்கிறேன். டாக்டர் இதைச் சொன்னபோது அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, காரமில்லாத ஃபேஸ்வாஷ் போட்டுக் கையால் மெதுவாகக் கழுவினால் போதும். நார், ஸ்க்ரப், கரகரப்பான மாவு எதுவும் வேண்டாம். எலுமிச்சை கடும் அமிலம், அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடும். சமையல் சோடா அதற்கு நேர் எதிர், தோலின் காப்பையே கெடுத்துவிடும். டூத்பேஸ்ட்டும் அப்படித்தான். உங்கள் குறிப்பை எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார், ஆனாலும் அதைத் திருத்திப் போட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்டேன். வடை எண்ணெய் நேராக முகத்துக்குப் போய் வழிவதில்லை. சர்க்கரையைச் சட்டென்று ஏற்றுகிற இனிப்பு, மைதா, கூல்டிரிங்க்ஸ் இவற்றுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன, பாலுக்கும் சிலரிடம் இருக்கிறது. இவற்றைக் குறைத்தால் நல்லது, ஆனால் பத்தியம் இருந்தே பருவை விரட்டலாம் என்று நினைக்க வேண்டாம் என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு முக்கியமானது இன்னொன்று. தேங்காயெண்ணெயைத் தலை நிறையத் தேய்த்து, வழித்துச் சடை பின்னி அனுப்பினால்தான் எங்களுக்குத் திருப்தி. அந்த எண்ணெய் நெற்றிக்கு இறங்கிக் குழிகளை அடைக்கிறது, நெற்றியிலும் காதோரத்திலும் பொரிப் பொரியாக வருவதற்கு அது ஒரு காரணம். எண்ணெயை விடச் சொல்லவில்லை, குளிப்பதற்கு முன்னால் தேய்த்து நன்றாக அலசிவிடச் சொன்னார், முகத்தில் தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம் என்றார். என் மாமியாருக்கு இது மட்டும் இன்றுவரை ஒப்பவில்லை.

மருந்துக்கு வருகிறேன். முதலில் அந்த ட்யூபை நிறுத்தி, எரிச்சல் தணிவதற்கு வேறு மருந்து கொடுத்தார். நிறுத்தியதும் இன்னும் மோசமாகும், பயந்து பழையதைத் தொடாதே என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். அப்படித்தான் ஆனது. ஒரு மாசம் அவள் கண்ணாடி பக்கமே போகவில்லை. கடையில் ட்ரையல் பார்க்கிற பெரிய கண்ணாடியைத் துணி போட்டு மூடியே வைத்திருந்தேன், வாடிக்கையாளர் வந்தால் மட்டும் எடுப்பேன். அந்த முன்னெச்சரிக்கை மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் எட்டாவது ட்யூப் வாங்கப் போயிருப்போம்.

தோல் கொஞ்சம் தேறிய பிறகு இரண்டு மருந்து ஆரம்பித்தார். காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல், ராத்திரி அடாபலீன் 0.1 சதவீத ஜெல். முதலாவது கிருமியைக் கொல்வது. இரண்டாவது, குழியின் வாய் அடைக்காமல் பார்த்துக்கொள்வது. அடாபலீனை ஒரு பட்டாணி அளவுதான் எடுக்க வேண்டும், அதை முகம் முழுக்க மெல்லியதாகப் பரப்ப வேண்டும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதில் பலனில்லை, ஏனென்றால் அது இனிமேல் வரப்போகிற பருவுக்கான மருந்து. இன்று முகத்தில் தெரிகிற பரு வாரக்கணக்கில் உள்ளேயே வளர்ந்து வந்தது. அதனால்தான் பலன் தெரிய இரண்டு மூன்று மாசம் ஆகும். முதல் சில வாரம் தோல் உலர்ந்து உரியும், கொஞ்சம் அதிகமாவது போலக்கூட இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆரம்பித்தோம், எண்ணெய்ப்பசை இல்லாத மாய்ஸ்சரைசரும் பகலில் சன்ஸ்கிரீனும் சேர்த்து. பலர் மூன்றாவது வாரமே விட்டுவிடுகிறார்களாம். பத்து நாளில் வெளுத்துக் காட்டிய ஸ்டீராய்டுக்குப் பழகிய கண்ணுக்கு இந்த மூன்று மாசம் மிக நீளம், எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும். மகளின் நீலத் தலையணை உறையில் கன்னம் படுகிற இடத்தில் செம்பட்டையாகத் திட்டுத் திட்டாக வந்தது. சாயம் போகிற துணியைத் தலையில் கட்டிவிட்டார் என்று துணிக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன், பாவம் அவர். மருந்துதான் காரணம் என்று தெரிந்ததும் வெள்ளை உறை தைத்துப் போட்டேன். யூனிபார்ம் காலரிலும் துப்பட்டாவிலும் படாமல் மருந்து நன்றாகக் காய்ந்த பிறகு உடுத்தச் சொல்லுங்கள்.

அதிகமாக இருப்பவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சில மாசம் மட்டும் கொடுப்பார்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக்கூடாது. ஆன்டிபயாடிக்கைத் தனியாக மாசக்கணக்கில் போட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும், அதனால் கூடவே பூசுகிற மருந்தும் தருவார்கள். எதற்கும் அடங்காத, கட்டி கட்டியாக வந்து குழி விழுகிற பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை இருக்கிறது. நன்றாகக் கேட்கும், ஆனால் கர்ப்பத்தில் இருக்கிற குழந்தைக்குக் கடுமையான பாதிப்பை உண்டாக்கும். அதைச் சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பம் ஆகவே கூடாது. ரத்தப் பரிசோதனையும் செய்து பார்த்துத்தான் கொடுப்பார்கள். கல்யாணம் நெருங்குகிறது, சீக்கிரம் முகம் தெளிய வேண்டும் என்று யாரோ கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடுகிற பெண்களை நான் கடையில் பார்க்கிறேன். முகூர்த்த ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போதே பேச்சுவாக்கில் சொல்கிறார்கள். அவர்களுக்காகவே இதை அழுத்தி எழுதுகிறேன்.

பெண்களுக்கு இருபது, இருபத்தைந்து வயசுக்கு மேலும் தாடையோரம் பரு நிற்காமல் வந்து, மாசவிலக்கும் தள்ளிப்போய், மோவாயில் முடியும் முளைத்தால் பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது வெறும் முகத்து விஷயம் இல்லை. பையன்களில் ஜிம்முக்குப் போய்ப் பவுடர் கலக்கிக் குடிப்பவர்களுக்கு அதாலும் பரு வரலாம், உடம்பு ஏற ஊசி போடுகிறவர்களுக்கு முதுகும் மார்பும் நிறைந்துவிடும். பையன்கள் வீட்டில் சொல்லவே மாட்டார்கள், அவர்களுக்கும் இது வலிக்கத்தான் செய்கிறது.

பரு போன பிறகு நிற்கிற கருந்திட்டு தழும்பு இல்லை. நம் மாநிறத் தோலில் அது சில மாசம் நின்று மெல்ல மங்கும். குழி அப்படி இல்லை. எந்தக் க்ரீமும் குழியை நிரப்பாது, அதற்குத் தனிச் சிகிச்சைதான். வயசானால் தானாகப் போய்விடும் என்று வருஷக்கணக்கில் விடுவதும், நகத்தால் கிள்ளிப் பிதுக்குவதும் அந்தக் குழியில்தான் கொண்டுபோய் விடுகின்றன. மகளுக்கு இடது கன்னத்தில் மூன்று குழி நின்றுவிட்டது. ஒரு வருஷம் முன்னால் போயிருந்தால் அது இருந்திருக்காது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு கேட்கிறேன். அந்த எலுமிச்சைக் குறிப்பைத் திருத்தி, அது வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். இரண்டாவது, ஒரு தோல் டாக்டரைக் கேட்டு, ட்யூபின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது என்று தமிழில் பெரிய எழுத்தில் போடுங்கள். பீட்டாமெத்தாசோன், மொமெட்டாசோன், க்ளோபெட்டாசால், ஃப்ளூசினோலோன் என்று இந்தப் பேர்களில் ஏதாவது இருந்தால் முகத்துக்கு டாக்டர் சொல்லாமல் பூசாதே என்று இருந்தால் போதும், கத்தரித்து வைப்பதற்கு எங்கள் பெண்கள் தயாராக இருக்கிறார்கள். ஏற்கெனவே மாசக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் தானாக எதையாவது மாற்றிப் போடாமல் அந்த ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

காஜா எடுக்கிற பெண்ணை வரும் வியாழக்கிழமை நானே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கத்தரித்த அந்தத் தாள் இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்